இருப்பதும் கிடைப்பதும்: மண்ணில் கந்தகத்தை அளந்த கதை

பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குச் சென்றிருந்தேன். திண்டிவனத்துக்கு மேற்கே, செம்மண் நிலத்தில் மல்லாட்டை விளையும் ஊர் எங்களுடையது. (மற்ற மாவட்டத்து வாசகர்கள் நிலக்கடலை என்று படித்துக்கொள்ளலாம்.) தம்பி தன் மண்வள அட்டையை எடுத்துவந்து திண்ணையில் வைத்தான். "நீதான் தமிழ் வாத்தியாராச்சே, இந்த ஒரு வரிக்கு அர்த்தம் சொல்லுண்ணா" என்றான். அவன் விரல் வைத்த இடத்தில் 'கிடைக்கும் கந்தகம்' என்று அச்சாகியிருந்தது. எதிரே 8 என்றோர் எண். அதற்கடுத்த கட்டத்தில் 'குறைவு'.

"எட்டுன்னா எட்டு. அது என்ன 'கிடைக்கும்' கந்தகம்? கெடைக்காத கந்தகம்னு ஒண்ணு இருக்குதா?"

பெயரெச்சத்தைப் பற்றிய கேள்வி என்பதால் என்னிடம் கேட்டான் போலும். அப்போது எனக்கு விடை தெரியவில்லை. உரக்கடையில் கந்தகம் அடங்கிய ஏதோ ஒரு புதிய மூட்டையை அவனுக்குப் பரிந்துரைத்திருந்தார்கள். வாங்குவதா வேண்டாமா என்பது அந்த எட்டைப் பொறுத்திருந்தது. கல்லூரிக்குத் திரும்பியதும் வேதியியல் துறை நண்பர் ஒருவரிடம் நூல்களும் பழைய ஆய்விதழ் நகல்களும் கேட்டு வாங்கி, ஒரு மாதம் போல் படித்தேன். அந்தப் பெயரெச்சத்துக்குப் பின்னால் நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு இருந்தது.

கந்தகம் என்றதும் நமக்குச் சித்தர்களின் மருந்துக் குகையும் சிவகாசியும் நினைவுக்கு வரும். பயிரோடு அதைச் சேர்த்து எண்ணும் பழக்கம் நமக்கில்லை. ஆனால் கடுகின் காரமும் வெங்காயத்தின் நெடியும் பூண்டின் மணமும் கந்தகச் சேர்மங்களால் வருபவை. மணம் இல்லாத பயிருக்கும் அது தேவை. புரதத்தின் கட்டுமானத்தில் உள்ள மெத்தியோனின், சிஸ்டீன் என்னும் இரு அமினோ அமிலங்கள் கந்தகமின்றி உருவாகா. கந்தகம் குறைந்தால் இலை வெளுக்கும். தழைச்சத்துக் குறைவிலும் இலை வெளுக்கத்தான் செய்யும். பெரும்பாலும் தழைச்சத்துக் குறைவு முதிர்ந்த இலையில் முதலில் தெரியும், கந்தகக் குறைவு இளந்தளிரில் தெரியும். இந்த வேறுபாட்டைக் கவனியாமல் வெளுத்ததைக் கண்டதும் யூரியாவைத் தூவுகிறவர்கள் எத்தனையோ பேர். யூரியாவில் கந்தகம் அறவே இல்லை.

இனி மண்ணுக்கு வருவோம். ஒரு ஏக்கரில் மேல் அரையடி மண்ணின் எடை ஏறத்தாழ 9 லட்சம் கிலோ. அதில் கிலோவுக்கு 150 மில்லிகிராம் கந்தகம் இருப்பதாகக் கொண்டால் (இது பெரிய அளவன்று) ஏக்கருக்கு 135 கிலோ ஆகிறது. கடலைக்கோ நெல்லுக்கோ ஒரு போகத்துக்குத் தேவைப்படுவது சில கிலோதான். அப்படியானால் பல போகங்களுக்குக் கவலையில்லை என்று தோன்றும். ஆனால் அந்தக் கந்தகத்தின் பெரும்பகுதி, பல மண்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல், மக்கிய இலைதழைகளின் கரிமப் பொருளோடு பிணைந்து கிடக்கிறது. வேர் அதை அப்படியே உறிஞ்ச முடியாது. நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துச் சல்பேட்டாக மாற்றித் தரவேண்டும். சல்பேட்டாக நீரில் கரைந்திருப்பதும், களித்துகளின் மேல் மெல்ல ஒட்டியிருப்பதுமே பயிரின் கைக்கு எட்டும் பங்கு. தம்பி கேட்ட கிடைக்காத கந்தகம் இதுதான். இருப்பு வேறு, கையிருப்பு வேறு.

பத்தொன்பதாம் நூற்றாண்டு வேதியியலாளர்கள் இந்த இடத்துக்கு வருவதற்கு முன்பே ஒரு படியில் இடறினார்கள். செடிக்கு என்னென்ன தேவை என்று அறிய அவர்கள் கையாண்ட வழி, செடியை எரித்துச் சாம்பலை ஆராய்வது. சாம்பலில் தங்குவன தேவையானவை, அளவைப் பார்த்தால் தேவையின் அளவு தெரியும். நாம் இன்றும் பொட்டாசியத்தைச் 'சாம்பல் சத்து' என்றே அழைக்கிறோம். அந்தக் காலத்தின் தடம் நம் மொழியில் அப்படியே பதிந்திருக்கிறது. ஆனால் எரிக்கும்போது கந்தகத்தின் பெரும்பகுதி வாயுவாகிப் புகையோடு போய்விடும். சாம்பலில் எஞ்சிய சொற்பத்தைக் கண்டு, செடிக்குக் கந்தகம் சொற்பமே போதும் என்று பட்டியலிட்டுவிட்டார்கள். அந்தப் பட்டியல்கள் பாடநூல்களில் ஏறிப் பல்லாண்டுகள் நின்றன. 1911இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் ஆய்வு நிலையத்தில் ஹார்ட், பீட்டர்சன் என்னும் இருவர் கந்தகம் தப்பிப் போகாத முறையில் செடிகளை மீண்டும் ஆராய்ந்தார்கள். சாம்பல் கணக்கு உண்மையான அளவைவிடப் பன்மடங்கு குறைவு என்று தெரியவந்தது. பயிர்கள் நிலத்திலிருந்து எடுக்கும் கந்தகம், மணிச்சத்தோடு ஒப்பிடக்கூடிய அளவு என்று அவர்கள் காட்டினார்கள்.

இவ்வளவு தேவையான ஒன்று குறைவுபட்டிருந்தால் உழவர்கள் கவனித்திருக்க மாட்டார்களா? இந்தக் கேள்விக்கு விடையாக வருவது சூப்பர் பாஸ்பேட். 1842இல் இங்கிலாந்தின் லாஸ் அதற்குக் காப்புரிமை பெற்றார். கரையாத பாஸ்பேட் பாறையைக் கந்தக அமிலத்தில் ஊறவைத்தால் மணிச்சத்து கரையும் வடிவத்துக்கு மாறும். அமிலம் இங்கே ஒரு கருவி, அவ்வளவுதான். வேலை முடிந்ததும் அது ஜிப்சமாக, அதாவது கால்சியம் சல்பேட்டாக, மூட்டைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. சாதாரண சூப்பர் பாஸ்பேட்டில் மணிச்சத்துத் தனிமத்தின் பங்கு ஏறத்தாழ 9 விழுக்காடு, கந்தகத்தின் பங்கு 11. மூட்டையின் பெயரில் இருப்பதைவிடப் பெயரில் இல்லாதது அதிகம்! மூட்டைக்கு விலை கொடுத்தவர்கள் பாஸ்பேட்டுக்கு விலை கொடுத்ததாகவே நினைத்தார்கள்.

இந்தத் தற்செயலின் முழு விளைவையும் காண ஆஸ்திரேலியாவுக்குப் போகவேண்டும். மிகப் பழைய, மழையால் கழுவப்பட்ட மண் அது. அங்கே 1889இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் மவுண்ட் பார்க்கர் பகுதியில் ஏமஸ் ஹோவர்ட் என்னும் நாற்றங்கால்காரர் ஒரு குளோவர் செடியைக் கவனித்தார். பூத்து முடிந்ததும் தன் காயை மண்ணுக்குள் புதைத்துக்கொள்ளும் செடி, நம் மல்லாட்டையின் குணம். நிலத்தடிக் குளோவர் என்று அதற்குப் பெயர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் அதன் விதையை விற்கத் தொடங்கினார். குளோவரை விதைத்துச் சூப்பர் பாஸ்பேட்டைத் தூவினால் வறண்ட மேய்ச்சல் நிலம் பச்சைப் பசேல் என்றாகிவிடும் என்பது கண்டறியப்பட்டதும் நாட்டின் தென்பகுதி முழுவதும் அது பரவியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் விமானங்களிலிருந்து உரம் தூவினார்கள். அந்த உரத்துக்கு வேண்டிய பாறை நவ்ரு தீவிலிருந்து வந்தது. பசிபிக்கின் நடுவில் இருந்த அந்தச் சிறு தீவின் நடுமேடு வாழத் தகுதியற்ற பாறைக்கூர்களின் காடாக மாறியது தனிக் கதை. இங்கு ஒரு வரியில் கடந்துபோக வேண்டியிருப்பது எனக்கே உறுத்துகிறது.

உரம் போட்டார்கள், புல் வளர்ந்தது. எனவே மண்ணில் மணிச்சத்து இல்லை என்று முடிவு கட்டினார்கள். காரணகாரியம் தெளிவாகத்தானே இருக்கிறது? 1950களில் கான்பராவில் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. எனப்படும் அரசு ஆய்வு நிறுவனத்தினர் இதைப் பிரித்துப் பார்த்தார்கள். கிழக்கு ஆஸ்திரேலியாவின் பல இடங்களிலிருந்து மண்ணைக் கொண்டுவந்து தொட்டிகளில் இட்டு, மணிச்சத்தைத் தனியாகவும் கந்தகத்தைத் தனியாகவும் கொடுத்துச் செடி வளர்த்தார்கள். மெக்லாக்லன் 1955இல் வெளியிட்ட ஆய்வில் மணிச்சத்து, கந்தகம், மாலிப்டினம் ஆகிய மூன்றின் குறைகளும் அந்த மண்களில் வெளிப்பட்டன. கடலிலிருந்தும் ஆலைப் புகையிலிருந்தும் விலகிக் கிடந்த மேட்டுநிலங்களில் கந்தகம் மழையோடும் வருவதில்லை. அத்தகைய இடங்களில் சூப்பர் பாஸ்பேட் செய்த அதிசயத்தில் ஒரு பங்கு மூட்டைக்குள் ஒளிந்திருந்த ஜிப்சத்தின் வேலை. சில நிலங்களில் மலிவான ஜிப்சமே போதுமாயிருந்த இடத்தில் கடல் கடந்து வந்த பாஸ்பேட்டைக் கொட்டியிருக்கிறார்கள்.

ஒவ்வொரு வயலுக்கும் தொட்டி வைத்துச் செடி வளர்த்துப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. வேருக்குப் பதிலாக ஒரு திரவம் வேண்டும். மண்ணோடு கலந்து குலுக்கினால், பயிர் எடுக்கக்கூடியதை மட்டும் எடுத்து, பயிருக்கு எட்டாததை விட்டுவிடும் திரவம். மண் பரிசோதனையின் மொத்தக் கலையும் இந்த வேரின் மாற்றாளைத் தேடுவதுதான். கந்தகத்துக்கு எத்தனையோ மாற்றாட்கள் முயன்று பார்க்கப்பட்டார்கள். வெறும் நீர், உப்புக் கரைசல், அசிட்டேட் கரைசல், பாஸ்பேட் கரைசல். கடைசியில் சொன்னதற்கு ஒரு நியாயம் உண்டு. செம்மண்ணின் இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் சல்பேட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பாஸ்பேட் வந்தால் அதற்கு இடம்கொடுத்துச் சல்பேட்டை வெளியேற்றும். அலபாமா மண்களில் என்ஸ்மிங்கர் 1954இல் இதை ஆராய்ந்தார்.

கான்பராவில் வில்லியம்ஸும் ஸ்டீன்பெர்க்ஸும் 1959இல் வெளியிட்ட கட்டுரை இந்தத் தேடலின் முக்கியமான கட்டம். ஒரே மண்ணைப் பல திரவங்களிடமும் பல முறைகளிடமும் கொடுத்து, ஒவ்வொன்றும் சொன்ன எண்ணைச் செடி சொன்ன விடையோடு ஒப்பிட்டார்கள். அவர்கள் முயன்றவற்றில் இரண்டை இங்கே குறிப்பிட வேண்டும். ஒன்று, 0.15 விழுக்காட்டுக் கால்சியம் குளோரைடு கரைசலில் மண்ணைக் குலுக்கி வடிப்பது. எளிது; கால்சியம் களியைத் திரட்டிப் படியவைப்பதால் தெளிந்த வடிநீர் கிடைக்கும். மற்றொன்று, மண்ணை ஈரத்தோடு சூடாக்கி அதன் பின் வடிப்பது. சூடு, கரிமத்தோடு பிணைந்த கந்தகத்தில் எளிதில் பிரிந்துவரும் ஒரு பங்கையும் அவிழ்த்துவிடும். முன்னது இன்றைய கையிருப்பை மட்டும் எண்ணுகிறது; பின்னது நாளை வரவிருக்கும் வரவில் ஒரு பகுதியையும் சேர்த்து எண்ணுகிறது.

நம் நாட்டு ஆய்வுக்கூடங்கள் பெரும்பாலும் கைக்கொண்டது முன்னதை. இந்தியாவில் மண் பரிசோதனை நிலையங்கள் 1955-56இல் அமெரிக்க உதவியோடு தொடங்கப்பட்டபோது அவற்றின் கவனமெல்லாம் தழை, மணி, சாம்பல் மூன்றின் மேல்தான் இருந்தது. அப்போதைய முதன்மை உரமான அம்மோனியம் சல்பேட்டில் 24 விழுக்காடு கந்தகம் இருந்ததால் யாருக்கும் குறை தெரியவில்லை. எங்கள் அப்பா அதைத்தான் போட்டார், 'சல்பேட்டு' என்பார். பின்னர் யூரியாவும் டி.ஏ.பி.யும் வந்தன. ஒரே மூட்டையில் அதிகச் சத்து, வண்டிக்கூலி மிச்சம். கேட்காமல் வந்துகொண்டிருந்த கந்தகம் கேட்காமலே நின்றுபோனது.

வடிநீர் கிடைத்த பின் அதில் உள்ள கந்தகத்தை எப்படி எண்ணுவது? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வருகிறது. வடிநீரில் பேரியம் குளோரைடு பொடியைச் சேர்த்தால் சல்பேட் முழுவதும் பேரியம் சல்பேட்டாகி வெண்துகளாகத் திரளும். (வயிற்றை எக்ஸ்ரே எடுக்குமுன் குடிக்கச் சொல்லும் வெள்ளைக் கூழ் இதுவேதான்.) நீர் கலங்கும். அந்தக் கலங்கலினூடே ஒளியைச் செலுத்தி எவ்வளவு தடைபடுகிறது என்று பார்க்கவேண்டும். 1950இல் நெப்ராஸ்காவின் செஸ்னினும் யியனும் இதை மண்ணுக்கென வகுத்தார்கள். துகள்கள் அடியில் படிந்துவிடாமல் மிதந்துகொண்டிருக்க அவர்கள் சேர்த்தது அகேசியா மரத்துக் கோந்து. இரண்டாயிரத்துப் பதினைந்தில் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்துக்கு எண் தந்த கூடங்கள் பலவற்றிலும் கலங்கலைப் பார்க்கும் இந்த முறைதான் நடந்தது. பேரியம் படிகத்தின் பருமன், குலுக்கிய வேகம், கலக்கியபின் காத்திருந்த நிமிடங்கள், அறையின் வெப்பம், மண்ணிலிருந்து இறங்கிய பழுப்பு நிறம் ஒவ்வொன்றும் கலங்கலை மாற்றும். மண்ணை வெயிலில் உலர்த்திய விதமும் எண்ணை மாற்றும். கந்தகம் நிறைய இருந்தால் இவை பொருட்டல்ல. எட்டுக்கும் பத்துக்கும் இடையில் தீர்ப்பு நிற்கும்போது பெரும் பொருட்டு. நம் நாட்டில் கிலோ மண்ணுக்கு 10 மில்லிகிராம் என்பதையே பரவலாக எல்லைக்கோடாகக் கொள்கிறார்கள். அதற்குக் கீழே 'குறைவு'. நெல்லுக்கும் கடுகுக்கும் கடலைக்கும் ஒரே கோடு எப்படிப் பொருந்தும் என்று நண்பரைக் கேட்டேன். "எங்கேயாவது ஒரு கோடு போட வேண்டும் இல்லையா?" என்றார். தேர்வுத் தாள் திருத்துகிறவன் என்பதால் என்னால் மறுமொழி சொல்ல முடியவில்லை.

மேற்கு ஐரோப்பாவில் நேர்ந்தது வேறு வகை. அங்கே இலவச உரம் மூட்டையில் வந்ததோடு வானிலிருந்தும் வந்தது. நிலக்கரிப் புகையின் கந்தக டையாக்சைடு, மழையோடும் மழையின்றியும் வயலில் இறங்கிக்கொண்டிருந்தது. 1952 டிசம்பரில் லண்டன் நகரைப் புகைமூட்டம் சூழ்ந்து ஆயிரக்கணக்கானோர் மடிந்தனர். 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. அமில மழையால் ஸ்காண்டிநேவிய ஏரிகள் கெட்டதைத் தொடர்ந்து 1979இல் ஐரோப்பிய அளவிலான உடன்படிக்கையும், 1985இல் கந்தகப் புகையை 30 விழுக்காடு குறைக்கும் ஹெல்சின்கி நெறிமுறையும் ஏற்பட்டன. காற்று தெளிந்தது. 1980களில் வட ஜெர்மனியின் வயல்களில் கடுகினத்தைச் சேர்ந்த ரேப் பயிரின் மஞ்சள் பூக்கள் வெளிறிப் பூக்கத் தொடங்கின. நுரையீரலுக்கு நஞ்சாக இருந்தது பயிருக்கு ஊட்டமாகவும் இருந்திருக்கிறது. அதற்காகப் புகையை யாரும் திரும்ப அழைக்க மாட்டார்கள், அழைக்கவும் கூடாது. ஆனால் கணக்குப் புத்தகத்தில் அப்படி ஒரு வரவு இருந்தது என்பதை அது நின்ற பிறகுதான் எழுதினார்கள்.

மீண்டும் ஆஸ்திரேலியா. 1991இல் ஆர்மிடேல் நகரின் நியூ இங்கிலாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிளேயரும் உடனாளர்களும் ஒரு புதிய முறையை வெளியிட்டார்கள். பொட்டாசியம் குளோரைடு கரைசலில் மண்ணை இட்டு, 40 டிகிரி வெப்பத்தில் மூன்று மணி நேரம் வைத்திருந்து வடிப்பது. வெந்நீரைவிடச் சற்று மிதமான சூடு, சித்திரை மாதத்து வேலூர் வெயில் அளவு. இந்தச் சூட்டில் கரிமக் கந்தகத்தின் இளகிய பகுதி கொஞ்சம் வெளியே வருகிறது. வடிநீரைக் கலங்கவைத்துப் பாராமல், அதில் எந்த வடிவில் கந்தகம் இருந்தாலும் சேர்த்து எண்ணும் பிளாஸ்மா கருவியில் அளந்தார்கள். மேய்ச்சல் நிலத்தில் பயிர் காட்டிய விடையோடு இந்த எண் பழைய முறைகளைவிட நெருங்கி வந்தது. ஆஸ்திரேலியாவில் இன்று வழக்கில் இருப்பது இதுதான். 1959இல் கான்பராவில் முயன்ற அந்தச் சூட்டின் பக்கம், முப்பதாண்டு கழித்து, மென்மையாகத் திரும்பி வந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆக, ஒரே பிடி மண்ணைக் கான்பராவின் குளிர்ந்த கரைசலிடம் கொடுத்தால் ஓர் எண்; பாஸ்பேட்டிடம் கொடுத்தால் வேறோர் எண்; ஆர்மிடேலின் சூட்டில் வைத்தால் இன்னோர் எண். மூன்றும் பொய்யல்ல. 'கிடைக்கும்' என்ற சொல்லுக்கு 'யாருக்கு, எப்போது' என்ற இரு கேள்விகள் தொக்கி நிற்கின்றன. அட்டையில் இடமில்லாததால் அவை அச்சாகவில்லை.

மாசி மாதம் மறுபடி ஊருக்குப் போனபோது இதையெல்லாம் தம்பியிடம் சொன்னேன். பாதியிலேயே அவன் வேறொன்று சொன்னான். அந்த எட்டு அவன் நிலத்து மண்ணின் எண்ணே இல்லை. நினைத்துப் பார்த்தால் அது புதிதன்று. திட்டத்தின் முதல் சுற்றுகளில் நீர்ப்பாசன நிலத்தில் இரண்டரை ஹெக்டேருக்கு ஒன்று, மானாவாரியில் பத்து ஹெக்டேருக்கு ஒன்று என்றுதான் மண் மாதிரி எடுத்தார்கள். அவர்கள் கிணற்றுக்கு மேற்கே வேறொருவர் கொல்லையில் எடுத்துப் போனதைத் தம்பியே பார்த்திருக்கிறான். எடுத்ததும் மேலரையடி மண். சல்பேட் நீரோடு கீழிறங்கும் இயல்புடையது; எங்கள் மண்ணில் ஒன்றரை அடிக்குக் கீழே கெட்டியான செங்களி உண்டு, அது பிடித்து வைத்திருப்பதை எந்த அட்டையும் கேட்டதில்லை. கடலை வேர் அதுவரை போகும்.

"அப்ப மூட்டை வாங்கவா வேணாமா?"

கடைக்காரர் சொன்ன மூட்டையில் இருந்தது தனிமக் கந்தகம். நுண்ணுயிர்கள் அதைச் சல்பேட்டாக்கித் தர வாரக் கணக்கில் ஆகும். கடலைக்கு மண் அணைக்கும்போது ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இடவேண்டும் என்று வேளாண் பல்கலைக்கழகம் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறது. அது கால்சியத்துக்காக, விழுது மண்ணில் இறங்கிக் காய் பிடிக்கும்போது கால்சியத்தைக் காயே நேராக உறிஞ்சுகிறது. ஆனால் அந்த 160 கிலோவில், தூசும் மண்ணும் கழித்தாலும், ஏறத்தாழ 20 கிலோ கந்தகம் சேர்ந்தே வருகிறது. அப்பா காலத்தில் தவறாமல் இட்டார். தம்பி ஆள்கூலி ஏறியதிலிருந்து மூன்று ஆண்டுகளாக விட்டுவிட்டிருந்தான்.

"ஜிப்சம் போடு" என்றேன். "பத்துக்குப் பத்தடி ஓர் இடத்தை மட்டும் போடாம விடு. வெளுக்குதா பாரு."

வைகாசியில் காய் பறிக்கும்போது போன் செய்தான். போடாமல் விட்ட கட்டத்தில் இளந்தளிர் கொஞ்சம் வெளிறித்தான் இருந்ததாம், அதிகம் இல்லையாம். காயை மரக்காலில் அளந்து பார்க்கச் சொல்லியிருந்தேன். ஆட்கள் இரண்டையும் ஒரே குவியலாகக் கொட்டிவிட்டார்கள்.